தூண்டிற் கோலைத் தெரிந்தெடுத்தல்: புதிதாகப் பழகும் கமக்காரர்க்கு

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் குடும்பத்தில் சோற்றுக்கும் கறிக்கும் குறைவிராது. ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதம் பல வீடுகளிற் குறைவாகவே உள்ளது. கடல்மீன் வண்டியேறி ஓப்பநாயக்கவை அடையும்போது அதன் விலையும் ஏறிவிடுகின்றது. அருகிலுள்ள குளத்திலும் ஓடையிலும் வாழும் மீனோ ஒரு கோலும் சிறிது பொறுமையும் உடையவர்க்குக் கிடைக்கும். எனினும் புதிதாகப் பழகுபவர் பொருத்தமற்ற கோலை வாங்கிப் பணத்தை இழந்து, சில நாட்களில் அதைக் கூரையிற் செருகிவிடுவது வழக்கம். இவ்விழப்பைத் தவிர்க்கும் வழி இங்கு கூறப்படுகின்றது.

1. மீனை அறிந்து கோலைத் தெரிக

இரத்தினபுரி மாவட்டத்தின் நீர் மேற்கே களுகங்கையிலும் கிழக்கே வளவ கங்கையிலும் சேர்கின்றது. இப்பகுதியில் தூண்டிலிடுபவர் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய மீன்கள் இரண்டு. ஒன்று, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. அது மண்புழுவையும் மாவுருண்டையையும் மெதுவாகக் கொத்தும். மற்றது, பாசியினடியில் மறைந்திருந்து தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து பற்றும் விரால்.

அமெரிக்காவில் ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனும் விராலைப் போலவே மறைந்திருந்து பாயும். அதைப் பிடிக்கப் பழகுவோர் அங்கு ஏறக்குறைய ஏழு அடி நீளமுள்ள, நடுத்தர வலுவுடைய கோலையே முதலில் வாங்குவர். அவ்வறிவுரை இங்கும் பொருந்தும். மெல்லிய கோல் திலாப்பியாவுக்குப் போதுமாயினும் விராலைப் பாசியிலிருந்து இழுக்க வலுவற்றது. மிகத் தடித்த கோலில் திலாப்பியா கொத்துவது கைக்குத் தெரியாது. நடுத்தரமான கோல் ஒன்று இவ்விரண்டுக்கும் உதவும்.

2. மூங்கிற் கோல்

வாய்க்கால், சிறு குட்டை ஆகியவற்றிற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் முற்றிய, கணுக்கள் நெருங்கிய, மெல்லிய மூங்கிலை வெயிற்காலத்தில் வெட்டுக. பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம் போதும். கிளைகளைக் கணுவோடு ஒட்டச் சீவி, நுனியிற் சிறு பாரம் கட்டி, நிழலிற் சில வாரம் தொங்கவிடுக. பச்சை மூங்கில் பாரமானது. காயும்போது கோணியும் விடும்.

தங்கூசி நரம்பை நுனியில் மட்டும் முடிதல் கூடாது. கோலின் நடுப்பகுதியிற் கட்டி, அங்கிருந்து பல இடங்களிற் பிணைத்து நுனிவரை கொண்டுவருக. நுனி முறிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது. நுனிக்கு அப்பால் தொங்கும் நரம்பு கோலின் நீளத்திற் சற்றுக் குறைவாக இருத்தல் நன்று.

3. விலைக்கு வாங்கும் கோல்

பெரிய குளத்தில் தூண்டிலைத் தொலைவில் எறிய ரீல் பூட்டிய கோல் வேண்டும். வாங்குமுன் நான்கு செய்திகளை நோக்குக.

நீளம்: ஆறரை முதல் ஏழு அடி. இதனிலும் நீண்டது பற்றைகளிற் சிக்கும். குறுகியது தொலைவில் எறியாது.

வலு: பிடிக்கு மேலே கோலின்மீது எழுதியிருக்கும். நடுத்தர வலு எனவும், எட்டு முதல் பதினான்கு இறாத்தல் வரையான நரம்புக்கு உரியது எனவும் குறிக்கப்பட்டதைத் தெரிக.

வளைவு: நுனிப்பக்கத்து மூன்றிலொரு பங்கு எளிதில் வளைந்து, அடிப்பகுதி உறுதியாக நிற்றல் வேண்டும். நுனி கொத்தலை அறிவிக்கும். அடி மீனை இழுக்கும்.

பொருள்: கண்ணாடி நாரினாற் செய்தது சற்றுப் பாரமாயினும் அடிபட்டாலும் எளிதில் உடையாது, விலையும் குறைவு. 1970களிற் பரவத் தொடங்கிய கரிநார்க் கோல் இலேசானது. ஆனால் கல்லில் மோதினால் வெடிக்கும். பழகுபவர்க்குக் கண்ணாடி நாரே ஏற்றது.

4. கடையிற் செய்ய வேண்டிய சோதனை

இரு துண்டான கோல் பஸ்ஸிற் கொண்டுசெல்ல எளிது. பொருத்தி மெல்ல அசைத்துப் பார்க்க. பூட்டு ஆடுமாயின் விட்டுவிடுக. வளையங்கள் ஒவ்வொன்றின் உள்ளும் சிறிது பஞ்சைத் தேய்த்து இழுக்க. பஞ்சின் நூல் சிக்கினால் அவ்வளையத்தில் வெடிப்பு உண்டு. அது பெரிய மீன் பட்ட வேளையில் நரம்பை அறுக்கும். பின்னர் ரீலைப் பூட்டி, ரீலின் காலுக்கு அருகே ஒரு விரலிற் கோலைத் தாங்குக. முன்னும் பின்னும் அதிகம் சாயாத கோல் நெடுநேரம் பிடித்தாலும் கையை வருத்தாது.

5. உயிர்க்காப்பு

கரிநார்க் கோல் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த மூங்கிலும் அவ்வாறே. மின்கம்பிக்குக் கீழே கோலை நிமிர்த்துதலும் தூண்டிலை எறிதலும் கூடாது. பிற்பகல் இடிமழை மிகுந்த மாதங்களில் முதல் இடி கேட்டவுடன் கோலைக் கீழே வைத்து வீடு திரும்புக. மேலே மலையில் மழை பெய்து ஓடைநீர் கலங்கினால் உடனே கரையேறுக.

கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளின் விளிம்பு உள்ளே அரிக்கப்பட்டிருக்கும்; பிள்ளைகளை அங்கு தனியே அனுப்புதல் கூடாது. கால்களிற் புண் உள்ளவர் சேற்றுநீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். நீண்ட மூங்கிற் கோல் கரையில் நின்றே மீன் பிடிக்க உதவுவதால் இவ்வகையிலும் நன்மை தரும்.

6. நீரும் சட்டமும்

பூச்சிநாசினி தெளித்த வயலின் நீர் வடியும் வாய்க்காலில் மீன் பிடித்தலாகாது. செத்து மிதக்கும் மீனை உண்ணுதலும் ஆகாது. நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி குற்றமாகும். உடவளவை, சமனலவெவ போன்ற நீர்த்தேக்கங்களுக்குச் செல்லுமுன் அனுமதி பற்றி உரிய அலுவலரிடம் கேட்டறிக. நீர்மட்டத்திற் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியக் கண்டால் அங்கே தூண்டிலிட வேண்டாம். அவற்றைக் காக்கும் தாய் தந்தை விரால்கள் அருகிலேயே இருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளும் அழியும்.

நினைவிற் கொள்க

வாய்க்காலுக்கு முற்றிய மூங்கில். குளத்துக்கு ஏழு அடிக்கு மேற்படாத, நடுத்தர வலுவுடைய கண்ணாடி நார்க் கோல். முதலில் மூங்கிலிற் பழகி, கொத்தலைக் கையால் உணர்ந்த பின்னரே விலைக்கோலுக்குப் பணம் செலவிடுக. நன்கு தெரிந்தெடுத்த கோல் ஒன்றே ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டு போதும்.