கல்குவாரி ஏரிக்குப் போகிறீர்களா?

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் மெரினா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா மூன்றையும் தவறவிடுவதில்லை. அரை நாள் ஒதுக்க முடிந்தால், ஒரு பழைய கல்குவாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருங்கல் வெட்டிய பள்ளங்கள் வேலை நின்றதும் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. சுற்றிலும் பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை. உடன் வருபவர்களைப் பொறுத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அலைச்சல் மிச்சம்.

பெரியவர்கள் உடன் வந்தால் லிட்டில் குய்லின். புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சுமார் 10 நிமிட நடைதான். மலையேறாமல் கரையிலிருந்தே பார்க்கலாம். எதிரே தண்ணீருக்குள்ளிருந்து செங்குத்தாக எழுகிறது பாறை. அதன் வெடிப்புகளில் வேர்பிடித்திருக்கும் செடிகளைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். வெடிவைத்துப் பிளந்த இடத்தைக் காடு எப்படி மீட்டுக்கொள்கிறது என்பது கண்முன்னே தெரியும்.

சிறு பிள்ளைகள் இருந்தால் ஹிண்ட்ஹீட் பூங்கா. பியூட்டி வேர்ல்ட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பலகைப் பாதை சற்றுத் தூரத்திலேயே ஏரியைக் காட்டிவிடும். கால் வலுவுள்ளவர்கள் பக்கத்திலுள்ள 163 மீட்டர் உயரப் புக்கிட் தீமா மலையிலும் ஏறிவரலாம். இங்கே குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கண்டால் தின்பண்டம் என்று நினைத்துப் பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். இரங்கி ஒரு வாழைப்பழம் நீட்டினாலும் குற்றம்தான். முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்.

பறவை பார்ப்பவர்களுக்கு, டெய்ரி ஃபார்ம் பூங்காவிலுள்ள சிங்கப்பூர் குவாரி. ஹில்வியூ நிலையம் அருகில். முழு நாள் இருந்தால் புலாவ் உபின் தீவு. சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். இறங்கியதும் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். அங்குள்ள பெக்கான் குவாரியில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இந்தத் தீவிலிருந்துதான்.

சிங்கப்பூரில் காலை ஏழு மணிவாக்கில்தான் விடியும். நம் கடிகாரத்தில் அப்போது நாலரை. அதனால் போய் இறங்கிய மறுநாளே இதை வைத்துக்கொள்ளாதீர்கள். உபின் தவிர மற்ற இடங்களுக்கு ஏழரைக்குள் போய்ப் பத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது. பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது அங்கே வழக்கம். தண்ணீர், குடை, கொசு விரட்டி, வழுக்காத காலணி போதும்.

கண்டிப்பாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஆறும் குளமும் பெரும்பாலும் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும். குவாரியோ வெட்டிய சுவர். ஓரடி தள்ளினாலே கால் எட்டாது. பாசி படிந்த செங்குத்துப் பாறையைப் பிடித்து ஏறவும் முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூடக் கரையேற வழியின்றித் தவிப்பது இதனால்தான்.

இதை அங்கேயே, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடி, பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பக்கம் கைவிடப்பட்ட குவாரிகள் பலவற்றில் வேலியும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பாத செய்தி அடிக்கடி வருகிறது. தடுப்பு இல்லாத குவாரியின் விளிம்புக்கே போகக் கூடாது என்பதை அவர்கள் மனத்தில் பதிய வையுங்கள்.