தினவின் பெயர்களும் தீர்வின் வழிகளும்

முன்னுரை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தே அமைந்துள்ள ஊர் ஒடுகத்தூர். மலையில் விளையும் சாமையும் புளியும் தேனும் அடிவாரச் சந்தைகளுக்கு வருவன. மூலிகையறிவு இன்னும் முற்றிலும் மறையாத நிலப்பகுதி இது. எனினும், மாதக்கணக்கில் நீங்காத தோல் அரிப்புக்கு மூலிகையைத் தேடுவோரும் களிம்பைத் தேடுவோரும் ஒரு பொதுத் தவற்றைச் செய்கின்றனர். அரிப்பு அனைத்தையும் 'அலர்ஜி' என்னும் ஒரே சொல்லால் குறித்து, ஒரே மருந்தைப் பூசுகின்றனர். நம் முன்னோரோ சொறி, சிரங்கு, படர்தாமரை, கரப்பான், காணாக்கடி எனத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். இப்பெயர்கள் வெறும் சொற்கள் அல்ல. நோயை வேறுபடுத்தி அறியும் கருவிகள். இவற்றின் வழியே மருந்தையும் உணவையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொறியும் சிரங்கும்

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் தோன்றி, இரவில் அரிப்பு மிகுமாயின் அது பெரும்பாலும் சொறி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுண்ணி ஒன்று தோலைக் குடைந்து முட்டையிடுவதே இதற்குக் காரணம். சொறிந்த புண்ணில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது சிரங்கு. குப்பைமேனி இலையை மஞ்சளுடன் அரைத்துப் பூசுவது நாட்டு வழக்கம். கந்தகம் சித்த மருத்துவத்திலும் ஆங்கில மருத்துவத்திலும் இந்நோய்க்கு ஒருங்கே பயன்படுவது நோக்கத்தக்கது. ஆயினும் ஒருவர் மட்டும் மருந்திட்டால் நோய் மீளும். வீட்டிலுள்ளோர் அனைவரும், விடுதியாயின் அறைத்தோழர் அனைவரும், ஒரே நாளில் மருத்துவர் தரும் மருந்தைக் கழுத்துமுதல் பாதம்வரை பூசுதல் வேண்டும். உடையையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

படர்தாமரை

வட்டமாக விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்து படர்வதால் இப்பெயர் பெற்றது. இது பூஞ்சையால் வருவது. வியர்வை தேங்கும் தொடையிடுக்கிலும் இடையிலும் மிகும். சீமையகத்தி இலைக்குப் 'வண்டுகொல்லி' என்றும் பெயருண்டு. பூஞ்சையை அடக்கும் பொருள் அவ்விலையில் இருத்தலின் மக்கள் அதனை அரைத்துப் பூசுகின்றனர்.

இங்குதான் பெருங்கேடு ஒன்று நேர்கிறது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டே நாளில் அடக்கும். பூஞ்சையையோ உள்ளே வளரவிடும். தோல் மெலிந்து, வரிகள் விழுந்து, நோய் முன்னினும் பரவும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என நடுவண் அரசு 2018ஆம் ஆண்டில் விதித்தது. வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத பூஞ்சை வகை இன்று இந்தியாவில் பரவியிருப்பதால், மருத்துவர் குறித்த காலம் முழுதும் மருந்திடுதல் இன்றியமையாதது.

கரப்பான்

தோல் சிவந்து, நீர் கசிந்து, பின் வறண்டு தடித்து, மீண்டும் மீண்டும் வருவது கரப்பான். சிலர்க்கு இது பிறவியிலேயே அமைந்த தோலியல்பு. சிலர்க்குத் தொழிலால் வருவது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் முற்காலத்தே ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு பெருவழக்காயிற்று. குரோமியமும், அது கலந்த சிமெண்டும் சிலர் கைகளில் தீராக் கரப்பானை உண்டாக்கும். கழனியோரப் பார்த்தீனியச் செடியும் காட்டுச் சேங்கொட்டையின் பாலும் அத்தன்மையவே. காரணப் பொருளை விலக்காதவரை எம்மருந்தும் நிலைத்த பயன் தாராது. கையுறை அணிதலும், வேலை முடிந்தவுடன் கழுவுதலும் முதல் மருந்து. கடுஞ்சோப்பை நீக்கிப் பயற்றமாவு தேய்த்துக் குளித்து, ஈரம் உலருமுன் தூய தேங்காயெண்ணெய் பூசினால் வறட்சி தணியும். அருகம்புல் சேர்ந்த அருகன் தைலம் சித்த மருத்துவர் தருவது. எம்மூலிகையையும் முன்கையில் சிறிதளவு பூசி ஒருநாள் பொறுத்துப் பார்த்தே பயன்படுத்துக. இயற்கைப் பொருளும் சிலர்க்கு ஒவ்வாது.

காணாக்கடி

கடித்தது எதுவெனக் காணாமலே தடிப்பு எழுவதால் இப்பெயர். தடிப்பு ஒவ்வொன்றும் ஒருநாளுக்குள் மறையும்; வேறிடத்தில் புதிது எழும். வெற்றிலையும் மிளகும் சேர்த்த குடிநீர் வீட்டு மருந்தாக வழங்கி வருகிறது. ஆறு வாரத்திற்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோய். பெரும்பாலும் அதற்கு உணவு காரணமாவதில்லை. உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் கணமும் தாழாது மருத்துவமனை செல்க.

உணவு நெறி

கத்தரிக்காய், கருவாடு, இறால் முதலியவற்றைக் 'கரப்பான் பண்டம்' என விலக்குவது நம் மரபு. இறாலும் மீனும் சிலர்க்கு உண்மையிலேயே ஒவ்வாமை தருவன. எனினும் எல்லார்க்கும் எல்லாம் ஆகா எனக் கொள்ளுதல் தவறு. ஐயமுள்ள உணவு ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் நீக்கி, மீண்டும் உண்டு நோக்கினால் உண்மை விளங்கும். முன்பு மூச்சு முட்டலோ வீக்கமோ தந்த உணவை இவ்வாறு வீட்டில் சோதித்தல் ஆகாது. வளரும் பிள்ளைகட்குப் பால், முட்டை, மீன் அனைத்தையும் ஒருங்கே நிறுத்தினால் தோல் தேறாது; உடலே மெலியும்.

உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் தோல் முள்போல் சொரசொரக்கும். இரும்புச்சத்துக் குறைவும் அரிப்பைத் தரும். எனவே முருங்கைக்கீரை, பப்பாளி, கேழ்வரகு, சாமை, பருப்பு ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்த்தல் நன்று. நெல்லிக்காயை உடன் உண்டால் கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

மருத்துவரை நாடும் வேளை

தடிப்பே இன்றி உடலெங்கும் அரித்தால் நீரிழிவு, மஞ்சள்காமாலை, சிறுநீரகக் குறை ஆகியன உள்ளனவா என ஆய்தல் வேண்டும். அரிப்பின்றி உணர்ச்சியும் அற்ற வெளிறிய தேமல் தொழுநோயின் அடையாளமாகலாம். அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே மருந்து தரப்படுகிறது, முற்றிலும் குணமாகும். அதனை மறைப்பதே ஊனத்திற்கு வழி.

முடிவுரை

நோயின் முதலை அறிந்து மருந்து செய்தலைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வற்புறுத்துகிறது. தினவு நோய்க்கு அவ்வறிவு நம் மூத்தோர் வழங்கிய பெயர்களிலேயே அடங்கியுள்ளது. மூலிகையை இகழ்தலும் வேண்டா. மருத்துவமனையை அஞ்சுதலும் வேண்டா. நம் இல்லங்களில் முதியோர் இன்னின்ன நோய்க்கு என்னென்ன பெயர் சொல்கின்றனர் எனக் கேட்டு எழுதி வைப்பது தமிழ் பயிலும் மாணவர்க்கு ஏற்ற களப்பணி. அது மொழிக்குத் தொண்டாகும்; உடல்நலத்திற்கும் அரணாகும்.