ரூத் டி சோசாவைப் பற்றி ஒரு வாசகருக்கு



பிரேசில் சினிமாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "அந்த நாட்டில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும்தான் என்கிறீர்கள். ஐம்பதுகளின் படங்களில் அவர்களில் ஒரு நடிகைகூடவா இல்லை?"

இருந்தார். ரூத் டி சோசா என்று பெயர். அவரை விட்டுவிட்டு அந்தக் கட்டுரையை எழுதியிருக்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

ரூத் பிறந்தது 1921 மே 12, ரியோ டி ஜெனிரோவில். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13. முப்பத்து மூன்று ஆண்டு நிறைய ஒரு நாள்தான் குறைவு. அவர் குழந்தையாக இருந்தபோது, அடிமையாகப் பிறந்த கிழவர்களும் கிழவிகளும் அந்த நாட்டில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோக, அம்மா பிள்ளைகளோடு ரியோவுக்குத் திரும்பி, துணி வெளுத்து வீட்டை ஓட்டினார். சினிமா பார்த்துவிட்டு வந்து நடிகையாகப் போகிறேன் என்று அந்தப் பெண் சொன்னபோது சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கறுப்பு நடிகை என்று ஒருத்தி இருப்பதாகவே அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

இங்கே இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். பிரேசில் நாட்டுக் கறுப்பரான அப்தியாஸ் டோ நாசிமெண்டோ 1941இல் பெரு நாட்டின் லிமா நகரில் ஒரு நாடகம் பார்க்கப் போனார். யூஜின் ஓ நீல் எழுதிய 'எம்பரர் ஜோன்ஸ்'. கதாநாயகன் கறுப்பன். மேடையிலோ, முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒரு வெள்ளைக்கார நடிகர் நின்றார். நம் பேச்சில் ஒருவர் முகத்தில் கரி பூசுவது என்றால் அவரை அவமானப்படுத்துவது. லிமாவில் கரி நடிகர் முகத்தில் இருந்தது; அவமானம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு. ஊர் திரும்பிய அப்தியாஸ் 1944இல் ரியோவில் கறுப்பர்களுக்கென்றே ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். வீட்டு வேலைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் அதில் சேர்ந்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கவும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். ரூத்தும் போய்ச் சேர்ந்தார்.

குழு எடுத்த முதல் நாடகம் அதே 'எம்பரர் ஜோன்ஸ்'. பணம் இல்லை என்று ஓ நீலுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் உரிமைத் தொகை வாங்காமலே அனுமதி கொடுத்தார். அரங்கேற்றம் 1945 மே 8, ரியோவின் முனிசிபல் தியேட்டரில். ஐரோப்பாவில் போர் முடிந்த நாளும் அதுதான். சலவைக்கல்லும் பொன்முலாமுமாக, சீமான்களும் சீமாட்டிகளும் ஓபரா கேட்க வந்துபோகும் இடம் அது. அந்த மேடையில், இருபத்து நான்கு வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது, ரூத் ஒரு கிழவி வேடத்தில் வந்தார். முதல் காட்சியில் வந்து போய்விடும் சின்ன வேடம்தான். ஆனாலும் அந்த மேடையில் நடித்த முதல் கறுப்பு நடிகை என்று பிரேசில் நாடக வரலாறு அவரைத்தான் சொல்கிறது.

1948இல் முதல் படம், ஜோர்ஜி அமாடோ நாவலை வைத்து எடுத்த 'தேர்ரா வியோலெண்டா'. பிறகு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் அமெரிக்கா போய், ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலும் கிளீவ்லாந்தின் கராமு ஹவுஸிலும் படித்தார். திரும்பியதும் சாவோ பாலோ பக்கத்தில் வேரா குரூஸ் ஸ்டுடியோவின் படங்கள்.

அவற்றில் ஒன்றுதான் 1953இல் வந்த 'சின்யா மோசா'. அடிமை முறை ஒழிவதற்குச் சற்று முந்தைய கதை. நாயகி வெள்ளைக்காரப் பெண், எலியானே லாஜி. ரூத்துக்கு சபீனா என்ற அடிமைப் பெண் வேடம். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதுக்கு நாயகியை விட்டுவிட்டு ரூத்தின் பெயரைத்தான் எடுத்தார்கள். விருது லில்லி பால்மருக்குப் போயிற்று. வெளிநாட்டு விழாவொன்றில் அந்த விருதுக்குப் போட்டியிட்ட முதல் பிரேசில் நடிகை ரூத் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இப்படி ஒரு பெயர் வாங்கியவருக்கு நம் ஊரில் என்றால் அடுத்த வருஷமே நாலு படம் கதாநாயகியாக வந்திருக்கும். ரூத்துக்குத் திரும்பவும் சமையற்காரி, தாதி, வேலைக்காரி வேடங்களே வந்தன. அவர் மறுக்கவில்லை. கொடுத்த வேடத்தில் ஒரு முழு மனுஷியை வைத்துவிட்டுப் போனார். பெரிய நடிப்பு என்று நான் அதைத்தான் சொல்வேன்.

மேடையில் ஒரு முறை மனசுக்கு நிறைவாகக் கிடைத்தது. சாவோ பாலோ குடிசைப் பகுதியில் காகிதம் பொறுக்கிப் பிழைத்த கரோலினா மரியா டி ஜீசஸின் நாட்குறிப்பு 1960இல் நூலாக வந்து நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டு அது நாடகமானபோது கரோலினாவாக நடித்தவர் ரூத்.

இனி 1969. குளோபோ தொலைக்காட்சி 'அங்கிள் டாம்ஸ் கேபின்' கதையைத் தொடராக எடுத்தது. ரூத்துக்கு டாமின் மனைவி குளோயி, முக்கிய வேடம். அந்தத் தொலைக்காட்சியின் தொடர் ஒன்றில் கறுப்பு நடிகை ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. கறுப்பின அடிமையான டாமாக நடித்தவர் செர்ஜியோ கார்டோசோ என்ற பேர்பெற்ற வெள்ளைக்கார நடிகர். முகத்தில் கறுப்புச் சாயம், தலையில் சுருட்டை டோப்பா, மூக்கு அகலமாகத் தெரிய உள்ளே கார்க் துண்டு. நாடகாசிரியர் பிளீனியோ மார்கோஸ் பத்திரிகையில் கொதித்து எழுதினார். தொடர் நிற்கவில்லை. கரி பூசிய ஒரு முகத்தைப் பார்த்துப் பிறந்த நாடகக் குழுவிலிருந்து வந்தவர், முதல் மேடை ஏறி இருபத்து நான்கு ஆண்டு கழித்து அப்படி ஒரு முகத்துக்கே மனைவியாக நின்றார். எத்தனை யோசித்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

2004இல் இயக்குநர் ஜோயல் ஜிட்டோ அராவுஜோ எடுத்த 'ஃபில்யாஸ் டோ வேண்டோ' படத்தில் இரண்டு சகோதரிகள். நடிகையாக ஆசைப்பட்டு மினாஸ் ஜெராய்ஸ் கிராமத்தை விட்டுப் போனவள் ஒருத்தி, ஊரிலேயே தங்கிவிட்டவள் இன்னொருத்தி. அப்பா இறந்த பிறகுதான் மறுபடி பார்த்துக்கொள்கிறார்கள். போனவளாக ரூத், தங்கியவளாக லேயா கார்சியா. லேயாவும் அப்தியாஸின் குழுவில் வளர்ந்தவர். கிராமாடோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ரூத்துக்கு அப்போது எண்பத்து மூன்று வயது.

2019 கார்னிவலில் சாண்டா குரூஸ் என்ற சாம்பா பள்ளி அவர் வாழ்க்கையையே கருவாக வைத்து ஊர்வலம் வந்தது. அதே ஆண்டு ஜூலை 28ஆம் தேதி, தொண்ணூற்றெட்டு வயதில், ரியோவில் இறந்தார்.

'சின்யா மோசா'வை முதலில் பாருங்கள். நாயகியைப் பார்க்க வேண்டாம். சபீனா சட்டகத்துக்குள் வரும்போதெல்லாம் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.