துப்பாக்கியும் கடை வாசலும்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லச் சட்டம் இடந்தருகிறது. எனினும், துப்பாக்கியுடன் வராதீர் எனக் கடைக்காரர் தடுக்கலாம். 1791-இல் ஏற்கப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் அரசின் கையைக் கட்டுமேயன்றித் தனியார் கடையைக் கட்டாது. டெக்சாஸ் மாநிலத்தில் உரிமம் பெற்றோரைத் தடுக்கும் பலகைக்கே இலக்கணம் உண்டு: ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் ஓரங்குலத்துக்குக் குறையாத எழுத்து வேண்டும்!

இத்தகைய கடைகளைத் துப்பாக்கி வைத்திருப்போர் புறக்கணிக்க வேண்டுமா?

வேண்டும் என்போர் 1991-ஆம் ஆண்டை நினைவூட்டுவர். டெக்சாஸின் கில்லீன் நகர உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்கு அஞ்சித் தம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டிருந்தார். அத்துயரை யார் மறுக்க முடியும்? ஆயினும் அவரைத் தடுத்தது சட்டம், உணவகத்தின் பலகையன்று. சட்டத்திலிருந்து விலகி நடக்க வழியில்லை. கடையை மாற்றிக்கொள்ளலாம் அன்றோ?

வங்கிக் காவலரின் தோளில் தவிர வேறெங்கும் துப்பாக்கியைக் கண்டிராத எனக்கும் இது விளங்குகிறது. பலகையைப் பார்த்தும் மறைத்துக்கொண்டு நுழைவதைவிட வேறு கடைக்குப் போவது நேர்மை. கல்லாவில் நிற்கும் பெண்ணும் மாலையில் வீடு திரும்ப வேண்டியவளே. மறைந்திருப்பது நல்லவன் துப்பாக்கியா என அவள் எவ்வாறு அறிவாள்?

ஆனால் கோபத்தில் எல்லாக் கடைகளையும் ஒன்றாக எண்ணலாகாது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகர வால்மார்ட்டில் நடந்த துப்பாக்கிச் சூடு 23 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த மாதம் அந்நிறுவனம், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வரவேண்டாமென்று மட்டுமே கேட்டுக்கொண்டது. உரிமத்துடன் மறைத்து வருவோரைத் தடுக்கவில்லை. புறக்கணிக்கப் புறப்படுவோர் முதலில் பலகையை முழுதும் படிக்கட்டும். பின்பு காரணத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டே விலகட்டும்.