துயிலும் அட்டைகளும் திருத்தம் ஆராய்வோர் கடனும்

உறங்கச் செல்வது எளிது; உறங்கியவாறே பழுதின்றி எழுவது அரிது. உயிர்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை யந்திரங்களுக்கும் பொருந்தும். கணிப்பொறியினுள்ளே பொருத்தப்பெற்ற நெட்வொர்க் அட்டை, ஒலி அட்டை, காட்சி அட்டை முதலியன வேலையில்லாத பொழுது மின்சாரச் செலவைக் குறைத்துத் துயில்நிலையை எய்துகின்றன. அவற்றைத் துயிற்றுதலும் எழுப்புதலும் டிரைவர் என வழங்கும் சிறு நிரல்களின் தொழிலாம். அந்நிரல்களில் ஒருவர் மாற்றஞ் செய்ய முன்வருவாராயின், அம்மாற்றத்தை ஏற்குமுன் மற்றையோர் அதனை எங்ஙனம் ஆராய்தல் வேண்டும் என்பதே நாம் ஈண்டுக் கூறப் புகுந்த பொருள்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதனால் யாது பயன் எனச் சிலர் வினவக்கூடும். பிறர் எழுதியதனைச் சொல் சொல்லாக நிறுத்திப் படித்து, ஐயம் நேர்ந்தவிடத்துத் தடை எழுப்பி, விடை பெற்ற பின்னரே நூலை ஏற்றுக்கொள்ளுதல் நம் முன்னோர் அரங்கேற்ற அவைகளிற் போற்றிய முறையாகும். அம்முறை இன்று வேறொரு களத்தில் நாள்தோறும் நிகழ்ந்து வருகின்றது. ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் எழுதி வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் முதல் பெரும் வலையகக் கணிப்பொறிகள் வரை அவ்வுட்கரு இயங்குகின்றது. அதனைத் திருத்த விரும்புவோர் எவரும் திருத்தம் அனுப்பலாம். பேட்ச் எனப்படும் அத்திருத்தத்தில் நீக்கப்படும் வரிகள் கழித்தற் குறியோடும், சேர்க்கப்படும் வரிகள் கூட்டற் குறியோடும் நிற்கும். மேலே மாற்றத்தின் காரணம் உரைநடையில் எழுதப்பட்டிருக்கும். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் குறித்த பதிப்பாசிரியர்தம் அடிக்குறிப்பை இது ஒத்திருக்கின்றது. அனுப்புவோர் தம் பெயரால் உறுதி கூறிக் கையொப்பமிடும் வழக்கம் 2004-ஆம் ஆண்டு முதல் உள்ளது. ஆராய்ந்தோரும் தாம் ஆராய்ந்தமைக்குத் தம் பெயரைத் தருதல் உண்டு. பெயர் தருதலாவது, பெருங்குறை எதுவும் எஞ்சவில்லை என்பது தம் கருத்து எனப் பலரறியக் கூறுதலாம்.

இனித் துயிலின் இயல்பை நோக்குவோம். நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதியினர்க்கு இதனை விளக்க அயலூர் உவமை வேண்டுவதில்லை. தொலைவிலிருந்து வரும் பச்சைத்தோல் அழுகாவண்ணம் உப்பிடப்படுகின்றது. உப்பு, தோலிலுள்ள நீரை வெளியேற்றி, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களின் செயலைத் தடுக்கின்றது. அந்நிலையில் தோல் அழிவதுமில்லை, பதமாவதுமில்லை. பதனிடத் தொடங்குங்கால் அதனை நீர்த்தொட்டியில் ஊறவைத்து, உப்பைக் கழுவி, இழந்த நீரை மீளவும் ஊட்டுவர். சரிவர ஊறாத தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டால் சுண்ணாம்பு எங்கும் ஒருபடித்தாய் ஊடுருவாது. குறை செய்தது ஊறல் தொட்டி. குறை வெளிப்படுவதோ பின்னர் ஓரிடத்தில். துயிலினின்றும் அரைகுறையாய் எழுந்த அட்டையின் நிலையும் இதுவே.

பி.சி.ஐ. என்னும் இணைப்பு முறையில் அட்டையின் நிலைகள் டி0, டி1, டி2, டி3 என வகுக்கப்பட்டுள்ளன. டி0 முழு விழிப்பு. டி1, டி2 இரண்டும் இடைநிலைகள். இவை எல்லா அட்டைகளிலும் இருப்பதில்லை. டி3 ஆழ்துயில், அதுவும் இருவகைப்படும். வெப்ப டி3 நிலையில் அட்டைக்கு மின்சாரம் உண்டு. அதன் அமைப்புக் குறிப்பேட்டைப் படிக்கலாம். ஆயின் மற்றைய பதிவிடங்களை அணுகலாகாது. குளிர் டி3 நிலையில் முதன்மை மின்சாரமே நிறுத்தப்படுகின்றது. அட்டை தன்னிடத்துக் கொண்டிருந்த அமைப்புக்களை எல்லாம் மறந்துவிடும். வெப்ப நிலையினின்றும் எழும் அட்டைக்கு 10 மில்லிவினாடி காத்தலும், குளிர் நிலையினின்றும் எழுவதற்கு மின்சாரம் வந்தபின் 100 மில்லிவினாடி காத்தலும் பொதுவிதி. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய இக்காலத்தை வீண் என்றெண்ணி ஒருவர் குறைப்பாராயின், ஊறல் நேரத்தைக் குறைத்த தொழிலாளி போல்வர்.

நிற்க. துயிலும் அட்டையினிடம் டிரைவர் ஒரு வினா வினவினால் யாது நிகழும்? விடை வாராமல் இருப்பின் நன்றாயிருக்கும். பிழை உடனே புலப்படும். பெரும்பாலான கணிப்பொறிகளிலோ எல்லாப் பிட்டுகளும் 1 ஆகிய ஒரு விடை வருகின்றது. இது அட்டையின் சொல்லன்று. அட்டை வாய்திறவாமையால் உண்டாகும் வெற்றொலி. ஆயினும் டிரைவர் இதனை மெய்யான விடையாகக் கொள்ளக்கூடும். ஒரே குறுக்கீட்டுக் கம்பியை இரண்டு அட்டைகள் பகிர்ந்துகொள்ளும்போது இவ்வபாயம் மிகுதி. விழித்திருக்கும் அட்டை அழைக்கின்றது. துயிலும் அட்டையின் டிரைவரும் அழைப்புத் தன்னதோ என்று பதிவிடத்தைப் படிக்கின்றது. எல்லாம் 1 என வந்ததைக் கண்டு, நிகழத்தக்க யாவும் ஒருங்கே நிகழ்ந்தனவாக எண்ணி, இல்லாத வேலையைச் செய்யப் புகுகின்றது. ஆதலின், அட்டை விழித்திருக்கின்றது என்று உறுதியாக அறியாது பதிவிடத்தைத் தொடும் வரி உளதோ என்பதே ஆராய்வோர் கேட்கத்தக்க முதல் வினா.

இவ்வாராய்ச்சியின் அருமையைக் காட்டும் மெய்யான நிகழ்ச்சிகள் இரண்டினை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2020-ஆம் ஆண்டில் பல பழைய பி.சி.ஐ. டிரைவர்கள் புதுமுறைக்கு மாற்றப்பட்டமை. பழைய முறையில் ஒவ்வொரு டிரைவரும் அட்டையின் அமைப்பைச் சேமித்தல், துயில்நிலைக்கு அனுப்புதல், எழுப்புதல், சேமித்ததை மீட்டல் ஆகிய எல்லாவற்றையும் தானே செய்துவந்தது. புதுமுறையில் இவற்றைப் பொதுவான பி.சி.ஐ. பகுதியே செய்கின்றது, டிரைவர் தன் அட்டைக்கே உரிய வேலையை மட்டும் செய்தால் போதும். எனவே இத்திருத்தங்களிற் பல, சேர்த்தலினும் நீக்குதலே மிகுந்தன. நீக்குதல் எளிது போலத் தோன்றும். ஆயினும் ஆழ்ந்த கவனம் வேண்டுவது அதுவே. டிரைவர் தானே அமைப்பைச் சேமிக்கும் வரி ஒன்று நீக்கப்படாது எஞ்சிவிடின், பொதுப்பகுதி அதனைக் கண்டு, துயிற்றும் பொறுப்பையும் டிரைவரே ஏற்றதாகக் கருதி வாளாவிருக்கும். டிரைவரும் துயிற்றாது, பொதுப்பகுதியும் துயிற்றாது. மூடி வைத்த மடிக்கணினியுள் அட்டை விழித்தேயிருந்து மின்கலத்தைத் தின்னும். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை, ஒவ்வொரு வரியும் தனியே நோக்கின் சரியே. இரண்டினது உறவை நோக்கினாலன்றிக் குற்றம் புலனாகாது. மேலும் பழைய அட்டைகளிற் பல இன்று எவர் கையிலும் எளிதிற் கிடையா. ஆகவே நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டது, யந்திரத்தில் ஓட்டிப் பார்க்கப்படவில்லை என்ற குறிப்போடு வரும் திருத்தங்களை வாசிப்பினாலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது.

இரண்டாவது, எண்ணிக்கை தவறிய கதை. ஓர் அட்டையைப் பயன்படுத்துவோர் எத்தனைபேர் என்பதைக் காட்டக் கெர்னலில் ஓர் எண்ணிக்கை உண்டு. புகுவோர் ஒன்று கூட்டுவர். முடித்தோர் ஒன்று கழிப்பர். சூனியமானால் அட்டை துயிலலாம். மண்டபத்திலிருந்து கடைசியாய் வெளியேறுவோர் விளக்கணைப்பது போன்றதே இது. பி.எம். ரன்டைம் கெட் சிங்க் என்னும் செயல்கூறு முதலில் ஒன்று கூட்டிப் பின்பு அட்டையை எழுப்ப முயலும். எழுப்புதல் தவறிப் பிழை திரும்பினாலும் கூட்டிய ஒன்று கூட்டியபடியே நிற்கும். செயல் தவறியது, ஆதலின் கழிக்க ஒன்றுமில்லை என்று பலர் எண்ணிவிட்டனர். அதனால் எண்ணிக்கை பின் எஞ்ஞான்றும் சூனியமாகாது. ஆளில்லா மண்டபத்தில் விளக்கெரிந்த வண்ணமிருக்கும். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 5.10-ஆம் பதிப்பில் பி.எம். ரன்டைம் ரிசியூம் அண்டு கெட் என்னும் புதிய செயல்கூறு சேர்க்கப்பட்டது. எழுப்புதல் தவறின், கூட்டியதை இது தானே கழித்துவிடும்.

பிணி தீர்ந்தது என மகிழலாகாது. பழையதன் இடத்தில் புதியதை எல்லா டிரைவர்களிலும் அப்படியே பெயர்த்து வைத்தால் வேறொரு பிணி தோன்றும். அட்டையை நீக்கும் பகுதியில், எழுந்ததோ இல்லையோ எனப் பாராமல் முதலிற் கூட்டிப் பின்னர்த் தவறாது கழிக்கும் டிரைவர்கள் உள. அங்கே புதியதை வைத்தால், எழுப்புதல் தவறியபொழுது ஒன்று கூட்டி இருமுறை கழித்தலாய் முடியும். இன்னும் ஒரு நுட்பம்: அட்டை முன்னரே விழித்திருப்பின் பழையது 1 என விடை தரும், புதியது 0 என்றே தரும். அந்த 1-ஐ நம்பி எழுதப்பட்ட வரி எங்கேனும் உளதோ எனத் தேடுதலும் ஆராய்வோர் கடன். ஒருபொருட் சொற்கள் எனப்படுவனவும் இடமறிந்தே மாற்றத்தக்கன என்பதைத் தமிழ் மாணாக்கர்க்கு எடுத்துரைக்க வேண்டா.

இவ்விரண்டினின்றும் பெறப்படும் நீதி யாது? வெற்றி பெற்ற வழியை எல்லோரும் படிக்கின்றனர். தவறிய வழியைப் படிப்போர் சிலரே. துயிற்றும் வரிகளை ஒருமுறை படித்தால், எழுப்பும் வரிகளை இருமுறையும், எழுப்புதல் தவறினால் ஓடும் வரிகளை மும்முறையும் படித்தல் வேண்டும்.

இனி, மெய்ப்பிக்கும் பாரம் யாருடையது என்பதொரு வினா. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு விளக்கம் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாறு கெட்டமை குறித்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை எனக் காட்டும் பொறுப்புச் செயல் செய்வோர்மீதே உளது என்பது அத்தீர்ப்பிற் கூறப்பட்ட நெறிகளுள் ஒன்று. ஆற்றின் கேட்டையும் அட்டையின் கேட்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. உண்ணும் நீரும் உழும் நிலமும் கெடுதல் வேறு. யந்திரம் ஒன்று எழாமற் போதல் வேறு. எனினும் பொறுப்பின் முறை ஒன்றே. திருத்தம் தீதெனக் காட்டுதல் ஆராய்வோர் சுமையன்று. நன்றெனக் காட்டுதல் அனுப்புவோர் சுமை. முன்பு இயங்கியது ஒரு திருத்தத்தால் இயங்காது போயின், அத்திருத்தம் சரிசெய்யப்படுதல் அல்லது திரும்பப் பெறப்படுதல் வேண்டும் என்பது கெர்னல் உலகின் உறுதியான வழக்கு. அறியாத ஒருவருடைய வேலை, சேமிக்கப்படாத எழுத்து, இரவின் மின்கலம் யாவும் அத்திருத்தத்தை நம்பியிருக்கின்றன.

மெய்ப்பிக்கும் வழிகளும் உள. உண்மையில் துயிலாமலே டிரைவர்களை மட்டும் துயிற்றி, 5 வினாடி காத்து, மீண்டும் எழுப்பிப் பார்க்கும் சோதனை முறை கெர்னலிலேயே அமைந்துள்ளது. குறித்த நேரத்தில் தானே எழுமாறு கடிகாரத்தை அமைத்து முழுத்துயிலையும் பன்முறை சோதிக்கலாம். ஒருமுறை எழுந்தது சான்றாகாது. கோப்பு அனுப்பிக் கொண்டிருக்கும்போதும், கம்பியைப் பிடுங்கிய நிலையிலும், துயிலின் நடுவே அட்டையையே அகற்றிய நிலையிலும் யாது நிகழ்ந்தது என வினவுதல் வேண்டும்.

ஆகவே ஆராய்வோர் கைக்கொள்ளத்தக்க வினாக்கள் ஆறு எனத் தொகுத்துக் கூறலாம். மாற்றத்தின் காரணம் தெளிவாக எழுதப்பட்டுளதோ? துயிற்றுங்கால் செய்த ஒவ்வொன்றும் எழுப்புங்கால் முறைமாற்றி நீக்கப்படுகின்றதோ? துயிலும் அட்டையை எவ்வரியேனும் தொடுகின்றதோ? பிழை நேர்ந்தவிடத்து எண்ணிக்கை ஒத்துளதோ? காத்தற்குரிய காலம் காக்கப்படுகின்றதோ? எவ்வட்டையில், எத்தனை முறை சோதிக்கப்பட்டது?

இவ்வாறற்கும் விடை பெறாது பெயர் தருதல் ஆராயாது சான்று கூறுதலேயாம். அனுப்பியவர் நம்மினும் மூத்தோராயினும் வினவத் தயங்க வேண்டா. இளையோராயினும் இகழ வேண்டா. தடை கூறுவது நிரலின்மேல், நிரல் எழுதினோர்மேலன்று. நம் பகுதி மாணாக்கருள் கணிப்பொறித் தொழிலுக்குச் செல்வோர் பலர். அவர் புதிதாய் எழுதும் திறத்தோடு, பிறர் எழுதியதனைப் பொறுமையுடன் வாசிக்கும் திறத்தையும் உடன்கொண்டு செல்வாராக. கெர்னலின் திருத்தங்களும் அவற்றின்மேல் எழுந்த தடை விடைகளும் எவரும் படிக்குமாறு திறந்து கிடக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு திருத்தம் படித்து, அதன் தவறும் வழி யாதென்று தாமே ஒரு தாளில் எழுதிப் பின்னர்ப் பெரியோர் கூறிய தடைகளோடு ஒப்பிட்டு நோக்கின், ஓராண்டில் அக்கலை ஓரளவு கைவரும்.