குதிரையின் இதயம்

ஹைதராபாத் நகரில் சர்தார் வல்லபபாய் பட்டேல் தேசிய போலீஸ் அகாடமி உள்ளது. 1948-இல் அபு மலையில் தொடங்கப்பெற்று, 1975-இல் இந்நகருக்கு வந்த நிறுவனம் இது. இந்தியக் காவல் பணிக்குத் தேர்வான இளம் அதிகாரிகள் இங்கே பெறும் பயிற்சியில் யோகாசனமும் உண்டு, குதிரையேற்றமும் உண்டு. ஒன்று, அசையாதிருக்கக் கற்பிக்கிறது. மற்றொன்று, பாய்ந்தோடும் பிராணியின் முதுகில் அமரக் கற்பிக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால் கடோபநிஷதத்தைப் பயின்றவர்கள் இவற்றினிடையே உள்ள உறவை எளிதில் உணர்வார்கள்.

உடலே தேர், ஆன்மா அதில் அமர்ந்திருப்பவன், புத்தி தேர்ப்பாகன், மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், புலன் நுகர்பொருள்கள் அக்குதிரைகள் ஓடும் பாதைகள். இதுவே எமதர்மன் நசிகேதனுக்குக் கூறிய உவமை. விவேகமில்லாத பாகனுக்குக் குதிரைகள் கட்டுப்படுவதில்லை. விவேகமுள்ளவனுக்கு அவை நல்ல குதிரைகளாகப் பணிகின்றன என்று அவன் விளக்குகிறான். இவ்வுவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எனினும் குதிரையை அடக்குவது என்றால் என்ன என்பதைக் குதிரையோடு பழகியவரிடம் நாம் கேட்டதில்லை. கேட்டால், இவ்வுவமை புதிய பொருளைத் தரும்.

அமர்பவனின் ஆசனம்

குதிரை ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி. ஆயினும் அதன் தோலில் ஓர் ஈ அமர்ந்தால், அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து அதை விரட்டிவிடும். அத்தகைய நுண்ணுணர்வுள்ள முதுகில் ஒருவன் தோள்களை இறுக்கி, மூச்சை அடக்கி, அஞ்சி அமர்ந்தால் அது குதிரைக்குத் தெரியாமல் போகுமா?

ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்குகொண்டவர்களுள் சிலர் குதிரையைக் கையில் பிடித்து நடத்தினர். சிலர் அதன்மீது ஏறிச் சென்றனர். ஒவ்வொருவரும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நான்கு முறை செல்ல வேண்டும். நான்காம் முறை புறப்படும் முன், ‘இம்முறை குதிரை கடந்து செல்லும்போது குடை ஒன்று விரிக்கப்படும்’ என்று மனிதர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குடை விரிக்கப்படவில்லை. ஆயினும் குதிரை மிரளுமே என்று எண்ணிய மனிதர்களின் இதயத்துடிப்பு உயர்ந்தது. குடையைப் பற்றி ஏதும் அறியாத குதிரைகளின் இதயத்துடிப்பும் உயர்ந்தது!

மிரட்சி எங்கிருந்து வந்தது என்பதை நாம் சிந்திக்க வேண்டும். பாதையில் ஏதும் இல்லை. குதிரையிடமும் குறை இல்லை. கடிவாளத்தைப் பிடித்தவனின் கற்பனையில் பிறந்த அச்சம் குதிரையைச் சென்றடைந்தது. புலன்கள் நம்மை இழுத்துச் செல்கின்றன என்று நாம் அடிக்கடி முறையிடுகிறோம். அவை இழுக்கும் முன்பே நம் மனம் எத்தனை குடைகளை விரித்து வைத்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

ஆதலால்தான் இன்று குதிரையேற்றம் கற்பிக்கும் ஆசிரியர்களுள் பலர் முதலில் சவாரி செய்பவரின் உடலையும் மூச்சையும் கவனிக்கின்றனர். அமெரிக்க ஆசிரியையான சாலி ஸ்விஃப்ட் 1985-இல் வெளியிட்ட நூலில் மூச்சு, உடலின் நடுமையம், இறுக்கமற்ற பார்வை ஆகியவற்றையே சவாரியின் அடிப்படைகளாக வகுத்தார். பதஞ்சலி முனிவர் ஆசனத்திற்குக் கூறும் இலக்கணமும் உறுதி, சுகம் என்னும் இரண்டுமே. முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதால் ஆசனம் கைகூடும் என்றும் அவர் கூறுகிறார். உறுதி இல்லாதவன் குதிரையிலிருந்து விழுவான். சுகம் இல்லாதவன் குதிரையை வருத்துவான். தாடாசனம் முதுகை நிமிர்த்துகிறது. பத்தகோணாசனம் இடுப்பைத் தளர்த்துகிறது. நீண்ட வெளிமூச்சு தோள்களை இறக்குகிறது. இவை சவாரி செய்பவருக்கு எவ்வளவு தேவையோ, தியானத்திற்கு அமர்பவருக்கும் அவ்வளவு தேவை.

பார்த்தசாரதியின் கைகள்

இனி, குதிரையைப் பேணும் முறையைக் காண்போம். மகாபாரதத்தின் துரோண பர்வத்தில் ஒரு காட்சி வருகிறது. சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிடில் தீயில் புகுவதாக அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். பொழுதோ சாய்ந்துகொண்டிருக்கிறது. குதிரைகள் அம்புபட்டுக் களைத்துப்போயின. அந்த வேளையில் நாமாயிருந்தால் சவுக்கை ஓங்கியிருப்போம். ஸ்ரீகிருஷ்ணரோ போர்க்களத்தின் நடுவே தேரை நிறுத்தினார். அர்ஜுனன் தரையில் நின்று பகைவரைத் தடுத்தான். தன் அம்பினால் நீர்நிலை ஒன்றை உண்டாக்கினான். அம்புகளாலேயே ஒரு கூடமும் அமைத்தான். பகவான் குதிரைகளை நுகத்திலிருந்து அவிழ்த்தார். தம் கைகளாலேயே அவற்றின் உடலில் தைத்திருந்த அம்புகளைப் பிடுங்கினார், உடலைத் தேய்த்துவிட்டார், நீராட்டி, நீரும் தீனியும் தந்து, களைப்பு நீங்கிய பின்னரே மீண்டும் பூட்டினார். அன்று மாலைக்குள் அர்ஜுனனின் சபதம் நிறைவேறியது. அந்த நேரம் வீணாகவில்லை. அந்த நேரமே தேரைக் கொண்டுசேர்த்தது.

நம் நாட்டுக் குதிரைலாயங்களில் ‘மாலிஷ்’ என்று வழங்கும் உடல் தேய்ப்பு இந்த மரபின் தொடர்ச்சியே. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. அதன் உடற்பகுதி முன்னங்கால்களுக்கிடையே தசைகளாலும் நார்களாலுமே தாங்கப்படுகிறது. ஆகவே சவாரிக்குப் பின் தோளையும் கழுத்தையும் முதுகையும் மெல்லத் தேய்த்துவிடுவது அதற்குப் பெரிய ஆறுதல். குதிரை காதைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி, நீண்ட பெருமூச்சு விடும்போது இறுக்கம் அவிழ்ந்தது என்று பராமரிப்பவர் அறிந்துகொள்கிறார்.

குதிரைக்கென்று ஒருவகை ஆசனப் பயிற்சியும் உண்டு. ஒரு காரட்டை அதன் மார்பருகே, முன்னங்கால்களுக்கிடையே, விலாப்புறத்தில் என்று மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அதைப் பெறுவதற்காகக் குதிரை கழுத்தையும் முதுகையும் வளைக்கும். எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதங்கள் இப்பயிற்சியளித்து 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், முதுகெலும்பைத் தாங்கும் ஆழ்ந்த தசைகள் பருத்திருந்தது கண்டறியப்பட்டது. (காயமோ நோயோ உள்ள குதிரைக்குக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றைச் செய்யலாகாது.)

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குதிரையின் கழுத்தை யாரும் பிடித்து இழுக்கவில்லை. விருப்பமானதைக் காட்டியதும் அது தானே வளைந்தது. புலன்களும் அப்படியே. வெறும் பட்டினியால் பொருள்கள் விலகினாலும் சுவை விலகுவதில்லை. மேலானதைக் கண்டபோதே அச்சுவையும் அகல்கிறது என்பது கீதையின் போதனை. நாமஜபம், நல்ல நூல், சாதுசங்கம் ஆகியவற்றின் சுவையைப் புலன்களுக்குக் காட்ட வேண்டும்.

சாதகனுக்குப் பாடம்

ஆர்வத்துடன் சாதனையைத் தொடங்கும் இளைஞர்கள் சிலரிடம் ஒரு தவற்றைக் காண்கிறோம். உணவைக் குறைக்கிறார்கள், உறக்கத்தைக் குறைக்கிறார்கள், உடலைப் பகைவனாகக் கருதுகிறார்கள். சில மாதங்களில் உடல் தளர்கிறது, மனம் எரிச்சலுறுகிறது. இறுதியில் சாதனையையே கைவிடுகிறார்கள். குதிரையை அடித்தே கொன்றுவிட்டு, ஊர் போய்ச் சேரவில்லையே என்று வருந்துபவனின் நிலை இது. மறுபுறம், கடிவாளத்தை நழுவவிட்டவனும் ஊர் சேர்வதில்லை. பேணுதல் என்பது விட்டுவிடுதல் அன்று. பகவான் குதிரைகளை அவிழ்த்தது மீண்டும் பூட்டுவதற்காகவே.

நளமகாராஜன் ‘அசுவ ஹிருதயம்’ என்னும் குதிரையின் இதயம் அறியும் வித்தையில் வல்லவன். அத்தகையவனும் தன் மனத்தைக் கலி பற்றியபோது சூதாடி நாட்டை இழந்தான். வெளியே உள்ள குதிரையை அறிவது ஒரு கலை. உள்ளே இருக்கும் குதிரைகளையும், அவற்றை மிரளச் செய்யும் தன் மனத்தையும் அறிவதே யோகம்.

ஆகவே, நாள்தோறும் தியானத்திற்கு அமரும்போது மூன்றைக் கடைப்பிடிப்போம். முதலில், உடல் உறுதியாகவும் சுகமாகவும் உள்ளதா என்று பார்ப்போம். அடுத்து, சில முறை மூச்சை நீளமாக வெளிவிட்டு, வராத குடைகளைப் பற்றிய அச்சத்தை இறக்கி வைப்போம். மூன்றாவதாக, நாள் முழுதும் நமக்காக உழைத்த உடலுக்கும் புலன்களுக்கும் அளவான உணவும் ஓய்வும் தருவோம். பிறகு கடிவாளத்தைப் பார்த்தசாரதியின் கைகளில் ஒப்படைப்போம். களைத்த குதிரைகளைத் தேய்த்துவிட்ட கைகள் அவை, நம்மையும் கைவிடமாட்டா.