தம்பிக்காக உயிர் தாங்கிய தமக்கையார்

சிவாலயங்களில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் நிற்கும் திருச்சுற்றை வலம் வருவோர், உழவாரப் படையைத் தோளிற் சார்த்தி, உருத்திராக்கம் பூண்டு, உள்ளங் கசிந்த தோற்றத்துடன் நிற்கும் திருநாவுக்கரசு சுவாமிகளைக் கண்டு வணங்காது கடப்பதில்லை. திருமுறைகளுள் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றும் அவர் அருளியவை என்பதும், கல்லோடு பிணித்துக் கடலில் இட்டபோதும் அவர் கரையேறினார் என்பதும் சைவ நன்மக்கள் பலரும் அறிந்தனவே. ஆயின் அவர் இளம் பருவத்தில் எத்துணைத் துயரங்களைக் கடந்து உயிர் பிழைத்தார், அங்ஙனம் பிழைத்தற்கு யார் காரணர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சேக்கிழார் பெருமான் திருநாவுக்கரசு நாயனார் புராணத்தை 429 பாடல்களால் விரித்துரைக்கின்றார். அதன் முற்பகுதி ஒரு வீட்டில் அநாதைகளாய் நின்ற இரண்டு குழந்தைகளின் வரலாறே ஆகும்.

திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர் என்னும் பதியில், வேளாண் மரபில், குறுக்கையர் குடியில் புகழனார் என்பார் வாழ்ந்தார். அவர்தம் இல்லத்தரசியார் மாதினியார். இவ்விருவர்க்கும் முதலில் திலகவதியார் என்னும் பெண்மகவும், சில ஆண்டுகள் கழிந்தபின் மருள்நீக்கியார் என்னும் ஆண்மகவும் பிறந்தன. உறவும் செல்வமும் நிறைந்த குடும்பம் அது. மருள்நீக்கியார்க்கு முடி நீக்கும் மங்கலவினையைச் சிறப்பாகச் செய்து, கலைகளைப் பயிலுமாறு தந்தையார் தொடங்கி வைத்தார்.

திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயது ஆயிற்று. பல்லவ மன்னனிடம் படைத்தலைவராய் விளங்கிய கலிப்பகையார் அவரை மணம் பேசுமாறு பெரியோர்களை அனுப்பினார். புகழனாரும் இசைவு தந்தார். மணவினை நிகழுமுன் வடபுலத்துப் பகைவர்மேற் படையெடுத்துச் செல்லுமாறு அரசன் பணித்தமையால் கலிப்பகையார் போர்க்களம் சென்றார். அந்நாளில் புகழனார் நோயுற்று இறந்தார். கணவர் பிரிவைப் பொறாத மாதினியாரும் சுற்றத்தையும் மக்களையும் விட்டு உடன் உயிர் நீத்தார். உறவினர் தேற்றத் தேறி, பிள்ளைகள் இருவரும் பெற்றோர்க்குரிய இறுதிக் கடன்களை முடித்தனர். அத்துயரம் ஆறுமுன்பே கலிப்பகையார் போரில் உயிர் துறந்தார் என்னும் செய்தியும் வந்து சேர்ந்தது. மூன்று இறப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே வீட்டின்மேல் விழுந்தன.

தாய் தந்தையர் தம்மை அவர்க்கே உரியவராக இசைந்தனர். ஆதலால் தம் உயிரும் அவரோடு செல்வதே முறை எனத் திலகவதியார் துணிந்தார். அவ்வேளையில் மருள்நீக்கியார் தமக்கையாரின் இரண்டு திருவடிகளிலும் விழுந்து அழுதார். அன்னையும் அத்தனும் அகன்றபின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரை வணங்கி வாழலாம் என்னும் ஒன்றனாலேயே என்றும், அவரும் தம்மைத் தனியே விடுத்துச் செல்வாராயின் அவர்க்கு முன்னரே தாம் உயிர் துறப்பது உறுதி என்றும் கூறினார். அதனைக் கேட்ட தமக்கையார் தம்பியார் வாழ்தல் வேண்டும் என்னும் இரக்கத்தால், போக இருந்த உயிரைப் போகாமல் தாங்கினார். மங்கலப் பொன்னூலும் பூணாது, எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு, மனையிலேயே தவம் புரிந்திருந்தார்.

இவ்விடத்தைச் சற்று நின்று ஓதுதல் வேண்டும். கணவரோடு உயிர் துறந்த மாதினியாரின் செயலை அக்கால உலகம் கற்பின் உயர்வாகக் கொண்டது. அவ்வழியிற் செல்வதே தமக்கும் புகழ் என்று அவர் மகளாரும் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் தாயார் சென்றபோது பின்னே நின்ற சிறுவனின் நிலையை அருகிருந்து கண்டவர் மகளாரே. அவன் மீண்டும் ஒருமுறை அங்ஙனம் நிற்றலாகாது என்று அவர் நினைத்தார். ஒரு நொடியில் முடிந்துவிடும் துன்பத்தினும், ஒவ்வொரு நாளும் விடிந்தெழுந்து தாங்க வேண்டிய துன்பம் பெரிது. அதனை ஏற்றுக்கொண்டவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவர் அத்தனை இளமையில் முதியவரானார் என்றே சொல்லல் வேண்டும். தம்பியார்க்குத் தாயும் தந்தையுமாய் நிற்கும் கடமை அவர் வேண்டிப் பெற்றதன்று. காலம் அவர்மேல் ஏற்றிய சுமை அது. எனினும் அச்சுமையே அவர்தம் இயல்பாகவும் ஆயிற்று.

ஒரே துயரம் இருவரையும் ஒரே வடிவில் வார்க்கவில்லை என்பது கருதத்தக்கது. தமக்கையார் ஓரிடத்தில் ஊன்றி நின்றார். தம்பியாரோ அலைந்தார். வளர்ந்து துன்பம் ஒருவாறு ஆறியபின், மருள்நீக்கியார் உலகின் நிலையாமையைக் கண்டு, தந்தையார் தேடிவைத்த செல்வத்தை வாரி வழங்கத் தொடங்கினார். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். சோலைகள் வளர்த்தார்; குளங்கள் தொட்டார்; விருந்தினரை உபசரித்தார்; புலவர்க்குப் பரிசளித்தார். இவையெல்லாம் நல்லறங்களே. ஆயினும் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த பின்னும், பெற்றோர் ஏன் சென்றனர், செல்லாத பொருள் யாது என்னும் வினா அவருள் நின்றது. சிறு வயதில் எல்லாவற்றையும் இழந்தவர்க்கு இவ்வினா ஏட்டுக் கல்வியாய் வருவதன்று. அது பசிபோல் வருவது.

விடை தேடி அவர் பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூர் சென்று, ஆங்கிருந்த சமணப் பள்ளியிற் சேர்ந்தார். அப்பள்ளி பெரும்புகழ் பெற்றது. லோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458ஆம் ஆண்டில் அவ்வூரில் எழுதி நிறைவு செய்யப்பெற்றது எனின் அதன் தொன்மை புலனாகும். மருள்நீக்கியார் அங்குள்ள நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை எய்தினார். வாதில் புத்தரை வென்றார். பிற்காலத்தில் அவ்வாண்டுகளை நினைந்து அவர் பெரிதும் வருந்தினார் என்பது உண்மையே. எனினும் ஆங்குப் பெற்ற கல்வியும் நோன்பின் உறுதியும் பின்னாளில் அவர்க்கு உதவாமற் போயின என்று கூறுதல் பொருந்தாது.

தம்பியார் அகன்றபின் திலகவதியார் திருவாமூரை விடுத்து, கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானம் சேர்ந்தார். யார்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவரே வேற்று நெறியிற் சென்றுவிட்டார். தம் தியாகம் வீணாயிற்று என்று மனம் கசந்துபோதற்கு இதனினும் தக்க காரணம் வேண்டுமோ? அம்மையார் கசந்திலர். பொழுது புலருமுன் எழுந்து திருவாயிலில் அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பியை மீட்டருளுமாறு நாள்தோறும் வீரட்டானத்து இறைவரிடம் விண்ணப்பம் செய்தார். சூலை நோய் தந்து அவனை ஆட்கொள்வோம் என்று இறைவர் கனவில் உரைத்தருளினார்.

அவ்வாறே தருமசேனரின் வயிற்றில் சூலை புகுந்தது. மந்திரங்களும் மயிற்பீலியும் பயன்படவில்லை. கடலனைய கல்வி கற்றவர் அந்நோயில் கிடந்தபோது நினைந்தது, சிறுவயதில் தாம் பற்றியழுத அந்த இரண்டு திருவடிகளையே. தமக்கு அமுது சமைப்பவனை அதிகைக்கு அனுப்பினார். அவன் நந்தவனத்தருகே அம்மையாரைக் கண்டு செய்தி கூறினான். தாம் அப்பள்ளிக்கு வருதல் இல்லை என்று அம்மையார் விடை கூறி அனுப்பினார். தம்பிக்காக உயிரையே தாங்கியவர் அவர் நோயுற்று அழைத்தபோது செல்ல மறுத்தது கல்நெஞ்சம் எனத் தோன்றலாம். அவர் சென்றிருப்பின் தம்பியார் அங்கேயே கிடந்திருப்பார். எழுந்து நடக்க வேண்டியவர் அவரே என்பதை வளர்த்தவர் அறிந்திருந்தார்.

தருமசேனர் பாயையும் உறியையும் பீலியையும் ஒழித்து, வெண்ணிற ஆடை உடுத்து, தாங்குவார் தாங்க, இரவோடிரவாகத் திருவதிகை வந்து தமக்கையார் அடியில் விழுந்தார். அம்மையார் அவரைக் கடிந்திலர். கழிந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு வினாவும் வினவிலர். ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் கைக்கொண்டு, நாள்தோறும் செல்வதுபோலவே திருக்கோயிலுக்குப் புறப்பட்டு, தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். ஆங்கே இறைவர் திருமுன் நின்று அவர் முதற்பதிகம் பாடினார். சூலை நீங்கியது. நாவுக்கரசு என்னும் திருநாமமும் வானொலியாய் வந்தது.

அன்று தமக்கையார் கையில் இருந்தது துடைப்பம். அன்றுமுதல் தம்பியார் கையில் ஏறியது உழவாரம். ஒன்று குப்பை அகற்றுவது. மற்றொன்று புல்லும் முள்ளும் செதுக்குவது. பதிகம் பாடும் பெரும்புலவர் ஒருவர் தமக்கு அடையாளமாக எழுத்தாணியையும் ஏட்டையும் கொள்ளாது புற்செதுக்கும் கருவியைக் கொண்டது எங்ஙனம் என்று ஆராய்வோர், அந்த விடியற்காலையில் தமக்கையாரின் பின்னே அவர் நடந்த நடையை நினைத்தல் வேண்டும்.

அதன்பின் பல்லவ மன்னனால் வந்த துன்பங்கள் யாவரும் அறிந்தவை. நீற்றறையில் ஏழு நாள் இட்டனர், நஞ்சு கலந்த சோறு ஊட்டினர், யானையை ஏவினர், கல்லிற் பிணித்துக் கடலில் எறிந்தனர். அவர் அஞ்சவில்லை. அக்கல்லே தெப்பமாய் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது. கடலூரில் உள்ள கரையேறவிட்ட குப்பம் என்னும் ஊர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. இறைவர் திருவருளே காத்தது என்பதில் ஐயமில்லை. அவ்வருளைப் பற்றி நிற்கும் உறுதி அவர்க்கு அன்று புதிதாய் வந்ததன்று. மரணம் மூன்று முறை வீட்டினுள் புகுந்து சென்றதை மழலைப் பருவத்திலேயே கண்டு, பற்றுதற்குரிய திருவடி எது என்று அறிந்தவர் அவர்.

மருள்நீக்கியார், தருமசேனர், நாவுக்கரசர் எனப் பெயர்கள் மாறி வந்தன. நான்காவது பெயர் சீகாழியில் வாய்த்தது. தம்மை வணங்கி எழுந்த முதியவரை ஞானசம்பந்தப் பிள்ளையார் அப்பரே என்று அழைத்தார். தந்தையை இளமையிலேயே இழந்த ஒருவர், ஒரு குழந்தையின் வாயால் தந்தை ஆனார். உலகம் இன்றும் அப்பெயராலேயே அவரை வழங்குகின்றது.

திங்களூரில் நிகழ்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவ்வூர் வழியே சென்றபோது அப்பர் சுவாமிகள் ஒரு தண்ணீர்ப் பந்தலைக் கண்டார். அதற்குத் தம் பெயரே இடப்பெற்றிருந்தது. இளமையில் தாம் அமைத்தவை போன்ற பந்தல் ஒன்று, தாம் கண்டறியாத அப்பூதி அடிகள் என்பவரால் தம் பெயரில் அமைக்கப்பெற்றிருப்பதை அறிந்து அவர் இல்லம் சென்றார். ஆங்கு அமுதுண்ண இசைந்த வேளையில், வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. அடியார் அமுதுண்பதற்குத் தடையாகுமே என்று பெற்றோர் அவ்வுடலை மறைத்து வைத்தனர். பிள்ளையை இழந்த பெற்றோர் முன் நின்றவர், பெற்றோரை இழந்த பிள்ளையாய் இருந்தவர். உண்மை அறிந்ததும் உண்ணாது எழுந்து, அவ்வுடலைத் திருக்கோயில் முன் கொணர்வித்துப் பதிகம் பாடி எழுப்பியருளினார். அதன் பின்னரே அவ்வீட்டில் அமுது செய்தார்.

திலகவதியாரைப் பற்றிச் சேக்கிழார் பின்னர்ப் பெரிதும் விரித்துரைப்பதில்லை. அறுபத்துமூவருள் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மகளிர் மூவரே இடம் பெற்றுள்ளனர். திலகவதியார் அவ்வரிசையில் இல்லை. அது குறித்து அடியார்கள் சிலர் வருந்துவதும் உண்டு. ஆயினும் பண்ருட்டியை அடுத்துள்ள திருவதிகைக்குச் செல்வோர், வீரட்டானேசுவரர் திருக்கோயிலில் அம்மையார்க்கும் சந்நிதி இருத்தலைக் காணலாம். சுவாமி தரிசனத்திற்கு விரைவோர் அங்குச் சற்று நின்று வணங்கிச் செல்வது நன்று.

அப்பர் சுவாமிகள் முதுமையில் திருப்புகலூரில் தங்கி உழவாரப் பணி செய்துவந்தார். அவர் புல் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் கிடக்குமாறு இறைவர் செய்தருளினார். அவர் பொன்னைப் பொன் என்றும் கல்லைக் கல் என்றும் பிரித்து நோக்கவில்லை. உழவாரத்தில் வந்தவற்றையெல்லாம் புல்லோடு சேர்த்து வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்துவிட்டு, அடுத்த இடத்தைச் செதுக்கச் சென்றார்.